முப்பத்து மூன்று பாகை

குதிரைமொழித் தேரியின் தெற்கு ஓரம்.
உட்பிரிவு மனு. அண்ணன் ராஜகனி, தம்பி செந்தூர்கனி,
ஒருவர் முகம் ஒருவர் பாராமல்
ஒரே கொல்லாமர நிழலில் நின்றார்கள்.
வடமேற்கு மூலைக் கல்லைக் காணோம்.
வரைபடத்தில் இருக்கிறது,
மணலுக்கு அடியிலும் எங்கோ இருக்கும்.

"கல்லு எங்கயும் போவல மேடம்,
தேரிதான் போயிட்டு" என்றார் பலவேசம்.
சங்கிலி பிடித்துக் காய்த்த கையால்
கடப்பாரையை ஊன்றினார்.
எடுத்த கணமே குழி மூடிக்கொண்டது.

ஆடி மாதம். காற்று
கண்ணுக்குள் வந்து பட்டா கேட்டது.
கருவியை நிறுத்த இடம் தேடி மேலே ஏறியவள்
மேட்டின் மறுபுறச் சரிவைச் சும்மா பார்த்தேன்:
முப்பத்து மூன்று பாகை, சொச்சம்.
அடுத்த மேடு,
முப்பத்து மூன்று சொச்சம்.
அதற்கும் அப்பால், கழுத்துவரை புதைந்த பனையோடு
ஒரு மேடு,
அதுவும்.

எங்கள் வீட்டில் அந்த எண்ணுக்கு
வேறொரு கணக்கு உண்டு.
பெரிய வெள்ளியன்று சொல்வார்கள்.
அதை இங்கே இழுக்க மாட்டேன்.

காலடியில் குழியானையின் குழி,
ஒரு ரூபாய்க் காசு அகலம்.
பையில் எப்படியோ மகனின் பாகைமானி கிடந்தது,
மூலை உடைந்து. மண்டியிட்டு
விளிம்பில் சாய்த்துப் பார்த்தேன்.
அதே சாய்வு.
ஒரு பிடி மணல் அள்ளி விரலிடுக்கில் விட்டேன்.
குவிந்தது, சரிந்தது,
கொஞ்சம் யோசித்தது, நின்றது.
அதே.
பனையை விழுங்கும் மேட்டுக்கும்
என் உள்ளங்கை அளவுக்கும்
ஒரே இடத்தில்தான் "போதும்" என்கிறது மணல்.

"என்ன மேடம், கும்புடுதியளா?"
செந்தூர்கனி கேட்டார்.
"அளக்கேன்" என்றேன்.
இரண்டுக்கும் முட்டி ஒரே மாதிரிதான் மடங்குகிறது.

அப்போது ஓர் எறும்பு விளிம்பில் கால் வைத்தது.
எனக்குள் எழும்பிக்கொண்டிருந்த தோத்திரம்
பாதியில் நின்றது.
அது ஏற ஏற மணல் இறங்கியது.
அடியிலிருந்து ஒரு குட்டித் தலை
மண்ணை வீசி வீசி எறிந்தது.
விரலை நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை.
மேட்டைச் சரித்து நிறுத்தியவரே
இதையும் செதுக்கினார் என்றால்
அவரிடம் கேட்க எனக்கு ஒன்று இருக்கிறது.
ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிறவள்தான்,
இருந்தாலும் கேட்பேன்.

போன பங்குனியில் அப்பாவை
சாயர்புரம் கல்லறைத் தோட்டத்தில் இறக்கினோம்.
அங்கேயும் செம்மண், இந்தத் தேரிக்குத் தூரத்து உறவு.
வெயில் ஏறுகிறதென்று
மம்பட்டிக்காரர் அவசரமாக அள்ளிப் போட்டார்,
தட்டவில்லை, நிரவவில்லை.
எல்லோரும் பாடினார்கள். எனக்குத் தொண்டை வரவில்லை.
மேட்டின் பக்கவாட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒவ்வொரு மம்பட்டிக்கும் கொஞ்சம் உருண்டு இறங்கி,
உருண்டு இறங்கி,
கடைசியில் ஒரு மண்ணும் அசையாமல்.
வீட்டுக்கு வந்து கால் கழுவினேன்.
அன்று அது வெறும் மண்.
இப்போது கருவி இல்லாமலே தெரிகிறது
எத்தனை பாகை என்று.

நாலரை மணிக்கு,
மூன்றாள் ஆழத்தில் இருக்கக்கூடிய ஒரு கல்லுக்கு
நேர் மேலே முளை அடித்தோம்.
எத்தனை நாள் நிற்கும் என்று
அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் கேட்டுவிட்டு
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்,
அன்றைக்கு முதல் தடவையாக.
"ஆவணி வர நிக்கும்" என்றார் பலவேசம்.

குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினேன்:
கல் காணவில்லை. மணல் மூடியுள்ளது.
இன்னும் இரண்டு வரிக்கு இடம் இருந்தது.

ஆட்டோவில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் கவிழ்த்தேன்.
தகரத் தரையில் சின்னதாக ஒரு சிவப்பு மேடு.
பலவேசம் காலை அகட்டி வைத்து
அதை மிதிக்காமல் ஏறினார்.